சுடாத துப்பாக்கி

நாட்டுக்கூத்திலே அரசன் ஏந்திவரும் வாள் மரத்தாலானது என்பதைக் களரியைச் சுற்றியிருக்கும் சிறுபிள்ளையும் அறியும். அவ்வறிவு கூத்தைக் கெடுப்பதில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய பலகைத்துண்டை வாளென்று கொள்வதற்குப் பார்ப்போர் முன்னரே உடன்பட்டுவிட்டனர். பத்துப் பாகத் தூரமும், விளக்கொளியின் மங்கலும் அவ்வுடன்பாட்டுக்குத் துணை நிற்கின்றன.

சினிமாக் கமரா இவ்வாறு உடன்படுவதில்லை. அது பொருளின் அருகே சென்று, அதனைச் சுவரளவாகப் பெருப்பித்துக் காட்டுகிறது. சினிமாவிற் கண்ட வேடத்தைத் தாமே புனைந்து மகிழும் இரசிகர்களோ கமராவிலும் கடுமையானவர்கள். அவர்கள் கூடும் மண்டபங்களில் ஒருவர் செய்த பொருளை மற்றவர் கையில் வாங்குவர், புரட்டிப் பார்ப்பர், நகத்தாற் சுரண்டியும் பார்ப்பர். இத்தகைய சோதனைக்கு உள்ளாகும் பொருள்களுள் முதன்மையானது, விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் வரும் 'பிளாஸ்டர்' என்னும் கதிர்த் துப்பாக்கி. உலகில் என்றுமே இருந்திராத ஓர் ஆயுதத்தை, நெடுநாட் பயன்படுத்திய ஆயுதம் போலச் செய்து காட்டவேண்டும். அது சுடவுங் கூடாது. எவரையும் சுடவைக்கவுங் கூடாது. இப்பிற்கூறிய நிபந்தனையே இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி என்பது பின்னர் விளங்கும்.

கதிர்த் துப்பாக்கி முதலில் விளையாட்டுப் பொருளாகவே மக்கள் கைக்கு வந்தது. பக் றொஜேர்ஸ் என்னும் சித்திரக்கதை வீரனின் பெயரால், அமெரிக்காவின் டெய்சி நிறுவனம் 1934ஆம் ஆண்டில் தகரத்தகட்டாலான ஒரு துப்பாக்கியை ஐம்பது சதத்துக்கு விற்றது. பொருளாதார மந்தம் நிலவிய அந்நாளிலும் அது பெருவிற்பனை கண்டது. வால்வெள்ளியையும் மீனின் செதிலையும் ஒருங்கு நினைவூட்டும் அதன் உருவம் எந்த உண்மைக் கருவியையும் ஒத்ததன்று. பின்வந்த பல ஆண்டுகளிற் சினிமாவில் தோன்றிய கதிர்த் துப்பாக்கிகளும் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றின. அவை மினுங்கின, ஆனால் எவரும் நம்பவில்லை. வேடம் புனைவோரின் வரலாறும் ஏறக்குறைய அக்காலத்ததே. 1939இல் நியூயோர்க்கில் நடந்த முதலாவது உலக விஞ்ஞானக் கற்பனை மாநாட்டுக்கு பொறஸ்ற் அக்கர்மன் என்னும் இளைஞர் எதிர்கால மனிதனின் உடையோடு வந்தார். அவ்வுடையைத் தைத்தவரும், தாமும் அவ்வாறே உடுத்து வந்தவரும் மர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி.

துப்பாக்கியின் தோற்றத்தை அடியோடு மாற்றிய ஆண்டு 1976. அவ்வாண்டில் இலண்டனுக்கு அண்மையிலுள்ள எல்ஸ்ட்றீ ஸ்ரூடியோவில் 'ஸ்டார் வோர்ஸ்' படப்பிடிப்பு நடைபெற்றது. படத்தின் செலவுப்பணம் ஏறத்தாழ ஒருகோடியே பத்து இலட்சம் டொலர். கற்பனை உலகமொன்றை முழுவதும் புதிதாகச் செய்தளிக்க அது போதாது. அரங்க அலங்காரப் பொறுப்பிலிருந்த றொஜர் கிறிஸ்ரியன், படங்களுக்கு ஆயுதங்களை வாடகைக்கு வழங்கும் பாப்டி நிறுவனத்தின் களஞ்சியத்தை நாடினார். கதிர்த் துப்பாக்கியைப் புதிதாக வரைந்து வார்ப்பதற்குப் பதிலாக, அங்கிருந்த பழைய துப்பாக்கிகளில் வேறு கருவிகளின் உதிரிப்பாகங்களை ஒட்டிப் புதிய உருவங் கொடுத்தார். அப்படத்தின் கலையமைப்புக்காக 1978இல் ஒஸ்கார் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர்.

ஹான் சோலோ என்னும் பாத்திரத்தின் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் உடல், ஜேர்மனியில் 1896இல் தோன்றிய மவுசர் கைத்துப்பாக்கி. குழலின் நுனியிலே மாட்டப்பட்ட கூம்பு, இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானங்களிற் பொருத்தப்பட்ட இயந்திரத் துப்பாக்கியொன்றின் தீச்சுவாலையை மறைக்கும் உறுப்பு. மேலே அமர்ந்திருப்பது வெற்ஸ்லார் நகரின் ஹென்சோல்ட் நிறுவனம் வேட்டைக்காரருக்கெனச் செய்த குறிநோக்கி. வெண்கவசம் அணிந்த போர்வீரரின் துப்பாக்கியோ பிரித்தானிய இராணுவம் பயன்படுத்திய ஸ்ரேர்லிங் உப இயந்திரத் துப்பாக்கி. அதன் குழலுறையிலுள்ள துளைவரிசைகளின் மீது, தளபாட வேலையிற் பயன்படும் நீண்ட பிளாஸ்டிக் பட்டிகள் ஒட்டப்பட்டன. உச்சியில் ஒரு யுத்த தாங்கியின் குறிநோக்கி. பக்கத்தில், தொழிற்சாலை இயந்திரங்களின் சுற்றுகளை எண்ணும் ஹெங்ஸ்லர் எண்ணி.

இவை ஏன் நம்பிக்கையூட்டின? பார்ப்பவரின் கண் அறிந்த பொருள்கள் இவை. ஆயினும் இன்னவென்று பெயர் சொல்ல முடியாதபடி இடம் மாறி நிற்கின்றன. எண்ணியின் சிறு கண்ணாடிச் சாளரத்தைக் காணும் ஒருவர், அது எதையோ அளக்கிறது என்று உள்ளூர உணர்கிறார். ஒவ்வோர் உறுப்பும் எங்கோ உண்மையான ஒரு வேலைக்கென உண்மையான ஒரு பொறியியலாளரால் ஆக்கப்பட்டது. அந்த வேலையின் தடம் அதன் உருவத்திற் பதிந்திருக்கிறது. வெறுங் கற்பனையால் வரையப்பட்ட செதிலும் வளையமும் இத்தடத்தைத் தரமாட்டா. மேலும், பல காட்சிகளில் அத்துப்பாக்கிகள் ரவையில்லாத வெடிமருந்துத் தோட்டாக்களை உண்மையாகவே வெடித்தன. நடிகரின் தோள் அதிர்ந்தது நடிப்பன்று. ஒளிக்கற்றை பின்னர் சித்திரமாகச் சேர்க்கப்பட்டது.

இங்கேதான் வேடம் புனைவோரின் வழி நேர் எதிராகத் திரும்புகிறது. சினிமாக் கலைஞர் உண்மைத் துப்பாக்கியில் தொடங்கி அதை உண்மையல்லாததாக்கினார். வேடம் புனைபவர் துப்பாக்கியே அல்லாத குழாய், மரம், பலகை ஆகியவற்றில் தொடங்கி, அந்த உண்மையல்லாததன் உருவத்தை அடைய முயல்கிறார். ஆகவே அவரது முதல் வேலை செய்தல் அன்று; கண்டறிதல். மூலப்பொருளில் ஒட்டப்பட்ட ஒவ்வோர் உதிரிப்பாகமும் எதிலிருந்து வந்ததென அறியவேண்டும்.

இக்கண்டறிதலில் மனிதர் காட்டிய பொறுமை வியப்புக்குரியது. 1982இல் வெளிவந்த 'பிளேட் றன்னர்' படத்தின் நாயகன் ஏந்திய துப்பாக்கி, ஒஸ்திரிய நாட்டு ஸ்ரையர் நிறுவனத்தின் வேட்டைத் துப்பாக்கியொன்றின் பொறியுறுப்பையும், அமெரிக்கச் சுழல் துப்பாக்கி ஒன்றையும் இணைத்துச் செய்யப்பட்டது. பக்கத்திலே சிறு சிவப்பு, பச்சை விளக்குகள். பிடியோ ஒளிபுகும் மஞ்சட் பழுப்பு நிறம். படம் இருளும் மழையும் நிறைந்தது. துப்பாக்கி தெளிவாகத் தோன்றும் கணங்கள் மிகச் சில. அக்கணங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆணி எத்தனை, அதன் தலை எவ்வகை என்று இரசிகர் ஆண்டுக்கணக்காக வாதிட்டனர். 2006இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த உலக விஞ்ஞானக் கற்பனை மாநாட்டில் மூலப்பொருளே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டபொழுது, இருபத்துநான்கு ஆண்டு வாதங்கள் பல ஒரே நாளில் முடிவுற்றன. 2009இல் அது ஏலத்தில் 270,000 டொலருக்குப் போனது. ஹான் சோலோவின் துப்பாக்கிகளுள் 1983ஆம் ஆண்டுப் படத்துக்கெனப் பெரும்பாலும் மரத்தாற் செய்யப்பட்ட ஒன்று 2018இல் 550,000 டொலருக்கும், முதற்படத்திற்குரிய ஒன்று 2022இல் பத்து இலட்சம் டொலருக்கு மேலும் விற்கப்பட்டன. மரத்தாலான ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரை இலட்சம் டொலர்! கூத்தரசனின் வாளுக்குக் கிட்டாத பேறு.

மூலத்தை நேரிற் காணாதவர் அளவுகளைப் பெறுவது எவ்வாறு? ஓர் உறுப்பின் உண்மை அளவு தெரிந்தாற் போதும். மவுசர் கைத்துப்பாக்கியின் மொத்த நீளம் ஏறத்தாழ 312 மில்லிமீற்றர். புகைப்படத்தில் அது 78 மில்லிமீற்றராகத் தோன்றினால், படத்திலுள்ள ஒவ்வொரு மில்லிமீற்றரும் மெய்யில் நான்கு. படத்தில் 35 மில்லிமீற்றர் நீளமுள்ள குழல் மெய்யில் 140 மில்லிமீற்றர் என்பது உடனே கிடைத்துவிடும். ஆயினும் இதில் ஒரு பொறி உண்டு. கமராவுக்கு அண்மையிலுள்ள பகுதி பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் பதியும். துப்பாக்கி சற்றே சாய்ந்திருக்கும் படத்தை நம்பி அளந்தவர், குறுகிய குழலும் பருத்த பிடியும் உள்ள ஒரு விநோதப் பொருளோடு முடிப்பர். தொலைவிலிருந்து, நேர்ப்பக்கமாக எடுத்த படமே அளப்பதற்குத் தக்கது. அளந்ததைத் தடித்த அட்டையில் வெட்டிக் கையிற் பிடித்துப் பார்ப்பது ஒரு மணிநேர வேலை. அது பல வாரப் பிழையைத் தடுக்கும்.

செய்யும் பொருளைப் பொறுத்தவரை எல்லோருக்கும் பொதுவான விதி எதுவுமில்லை. ஸ்ரேர்லிங் போன்ற உருளை வடிவத்துக்கு ஒன்றரை அங்குல வெளிவிட்டமுள்ள பிளாஸ்டிக் நீர்க்குழாய் இயல்பாகவே பொருந்தும். காகிதத்தில் வரைந்த துளைவரிசையைக் குழாயின் மேற் சுற்றி ஒட்டி, துளைகளின் மையங்களை ஊசியாற் குறித்துக்கொண்டு துளையிட்டால் வரிசை கோணாது. பிடிக்கு மரமே சிறந்தது. கைக்கு அது பொய் சொல்வதில்லை. கூட்ட நெரிசலில் ஓடியாடுவோருக்கும் சிறுவருக்கும், பிள்ளைகளின் அறைகளில் விரிக்கப்படும் இறுகிய நுரைப்பாயை வெட்டி ஒட்டிச் செய்வது உகந்தது. அது எவர் மீது பட்டாலும் நோவதில்லை. அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் பலருக்கு எட்டும் விலையில் வந்துவிட்டது. உருகிய பிளாஸ்டிக்கை ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு தடிப்புள்ள படைகளாக ஒன்றின்மேல் ஒன்று இட்டு, அது உருவத்தை எழுப்புகிறது. ஒரே துப்பாக்கியைப் பலருக்குச் செய்யவேண்டுமாயின், ஒன்றை மிகச் சீராகச் செய்து, சிலிக்கன் றப்பரில் அதன் அச்செடுத்து, இரு திரவங்களைக் கலந்ததும் சில நிமிடங்களில் இறுகும் பிசினை அவ்வச்சில் வார்ப்பர். இப்பிசினின் ஆவியும், அதனைத் தேய்க்கும்போது எழும் தூளும் சுவாசத்துக்குத் தீயன. திறந்த வெளியும் முகமூடியும் இங்கே அவசியம்.

இயந்திரம் அச்சிட்டது அப்படியே துப்பாக்கி ஆகிவிடுமென எண்ணுவோர் ஏமாறுவர். படைகளின் வரிகள் விரல்ரேகை போல எங்கும் தெரியும். இரும்பிலே அத்தகைய வரி இராது. அரத்தாளால் முதலிற் கரடாகவும், பின் மென்மையாகவும் தேய்த்து, பள்ளத்தை நிரப்பும் அடிப்பூச்சு ஒன்றைத் தெளித்து, உலர்ந்தபின் மீண்டும் தேய்க்கவேண்டும். பெரும்பாலும் இது மும்முறை நிகழும். சலிப்பூட்டும் இவ்வேலையே நல்லதையும் அல்லாததையும் பிரிக்கிறது. கடையில் வாங்கிய மலிவான துப்பாக்கி பெரும்பாலும் குன்றுவது அளவிலன்று, இந்தத் தேய்ப்பில்.

கைக்கு வேறொரு சோதனை உண்டு, அது குளிர்ச்சி. கண்ணை ஏமாற்றிய பிளாஸ்டிக், விரல் பட்டவுடன் தன் வெதுவெதுப்பாற் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அனுபவமுள்ளோர் விரல் தொடும் இடங்களில் மட்டும், அதாவது விசையிலும் பிடியின் திருகாணிகளிலும், மெய்யான உலோகத்தை வைப்பர். எஞ்சியவை எதுவாயினும் கை அதை இரும்பென்றே ஒப்புக்கொள்ளும். நிறைக்கும் இவ்விதமே. மூல மவுசர் ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்டது, ஸ்ரேர்லிங் 2.7 கிலோகிராம். இதை நாள் முழுவதும் கவசத்தோடு சுமப்பது வீண் தண்டனை. பிடிக்குள் சிறிது ஈயமோ இரும்போ புதைத்தால், பொருள் கையிற் கனமாகவும் தோளில் இலேசாகவும் இருக்கும்.

இனி வர்ணம். கறுப்பு வர்ணத்தைத் தெளித்துவிட்டால் கிடைப்பது கறுப்புப் பிளாஸ்டிக், கறுத்த இரும்பன்று. கறுத்த இரும்பு எப்படி உண்டாகிறதோ, அதே ஒழுங்கில் வர்ணமும் ஏறவேண்டும். முதலில் வெள்ளி நிறம் பூசி, அதன்மேல் நிறமற்ற மெருகெண்ணெய் இட்டு உலரவிடுவர். பின்னர், தேய்ந்திருக்கவேண்டிய விளிம்புகளில் பற்பசையைச் சிறுசிறு பொட்டாகத் தடவி, அதற்கு மேல் கறுப்பைத் தெளிப்பர். உலர்ந்தபின் நீரால் துடைத்தால், பற்பசை இருந்த இடங்களிற் கறுப்பு உரிந்து வெள்ளி வெளிப்படும். வர்ணம் தேய்ந்து இரும்பு தெரிவது போலவே அது தோன்றும். உண்மையிலும் வர்ணம் உரிந்துதான் இருக்கிறது. இறுதியாகப் பென்சிலுக்குள் இருக்கும் காரீயத்தின் தூளை விரலால் எடுத்து விளிம்புகளில் உரசினால், பழகிய இரும்பின் மங்கிய பளபளப்பு வந்துவிடும். போகலச் சுரங்கத்திலிருந்து உலகெங்கும் போகும் இலங்கைக் காரீயத்தின் ஒரு சிட்டிகை எங்கேனுமொரு விண்வெளிக் கொள்ளைக்காரனின் துப்பாக்கியிலும் ஒட்டியிருக்கக்கூடும்.

எவ்விடங்களில் தேய்க்கவேண்டும் என்பது கைத்திறனைவிடச் சிந்தனையைச் சார்ந்தது. புதிதாகத் தொடங்குவோர் ஆர்வ மிகுதியால் எல்லாப் பக்கமும் சமமாகக் கீறிவிடுகின்றனர். எங்கும் ஒரே அளவாகத் தேய்ந்த பொருள், எங்குமே தேயாத பொருளைவிடப் பொய்யாகத் தோன்றும். துப்பாக்கி உறைக்குள் நுழையும்போது முதலில் உரசுவது குழலின் வாய்விளிம்பு. மேசைமீது வைக்கும்போது படுவது அதன் ஒரு பக்கம் மட்டுமே. வலக்கை வழக்கமுள்ளவனின் பெருவிரல் பிடியின் இடப்புறத்தையே மெருகேற்றும். பள்ளமான மூலைகளோ தேய்வதில்லை. அங்கே அழுக்கும் எண்ணெயும் அடையும். ஆகவே நீர்த்த கருங்கபில வர்ணத்தைப் பூசி, மேடுகளில் துடைத்து, பள்ளங்களில் விட்டுவிடுவர். இவ்வாறு செய்பவர் தம்மையறியாமலே அப்பாத்திரத்தின் வாழ்க்கையை எழுதுகிறார்: அவன் எந்தக் கையன், எத்தனை ஆண்டு அலைந்தான், தன் ஆயுதத்தைத் துடைத்துவைத்தானா, இல்லையா என்பவை எல்லாம் அதிலுள்ளன. கிடங்கிலிருந்து எடுத்து வழங்கப்பட்ட போர்வீரனின் துப்பாக்கிக்கு இத்தனை வடு பொருந்தாது. இரண்டுக்கும் ஒரே விதமாகக் கீறல் போட்டவர் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

விளக்கு வைப்பது பலருக்கு அச்சமாகத் தோன்றினும் பாடசாலைக் கணக்குக்கு மேற்பட்டதன்று. ஒளிகாலும் இருவாயி எனப்படும் சிறு சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ற்று போதும். மின்கலம் தருவது 9. எஞ்சிய 7 வோல்ற்றை ஒரு தடையி தாங்கவேண்டும். மின்னோட்டம் 20 மில்லி அம்பியர் ஆயின், 7ஐ 0.02ஆற் பிரிக்க 350 ஓம் வரும். கடையிற் கிடைப்பனவற்றுள் அதற்குச் சற்று மேலான தடையியை வாங்கிக்கொள்ளலாம். மின்கலத்தைப் பிடியின் அடியில், திறக்கக்கூடிய மூடிக்குள் வைத்தல் வேண்டும். திறக்க வழி வைக்க மறந்து, இரண்டு மாதத்தின் பின் தம் அழகிய துப்பாக்கியைத் தாமே பிளந்தவர் உளர்.

சுடாத துப்பாக்கி என்பதன் முதற்பொருள், அது எவ்வகையிலும் சுட இயலாதது என்பதே. உண்மைத் துப்பாக்கியின் உறுப்பு எதையும் இதில் சேர்க்கலாகாது. சினிமாக் கலைஞருக்கு உரிமம் பெற்ற நிறுவனமும் தேர்ச்சி பெற்ற ஆயுதக் காப்பாளரும் துணையிருந்தனர், வீட்டிலுள்ளவருக்கு இல்லை. குழல் துவாரம் முழுநீளம் செல்லவேண்டியதில்லை. விரல்நுனியளவு ஆழம் இருந்தால் நிழல் மிச்சத்தைக் காட்டிவிடும். விசை அசையலாம்; ஆனால் அது விளக்கின் ஆளியை அன்றி வேறெதையும் அசைக்கலாகாது.

இரண்டாம் பொருள் இதனினும் பாரதூரமானது. இதுவரை கூறிய தேய்ப்பும் பூச்சும் குளிர்ந்த விசையும், கைக்கெட்டும் தூரத்தில் நின்று இரசிப்பவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. வீதியின் மறுகரையிலே நிற்பவரிடமும் ஒரு கண் இருக்கிறது. அக்கண்ணுக்கு எண்ணியின் சாளரமும் பிளாஸ்டிக் பட்டியும் தெரியா. அது காண்பது ஒரு மனிதனையும் அவன் கையிலுள்ள ஒரு கறுத்த நீண்ட பொருளையுமே.

2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில், பூங்காவொன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பிளாஸ்டிக் குண்டு எறியும் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்றான். விளையாட்டுப் பொருள் என்பதைக் காட்டும் செம்மஞ்சள் நுனி அதில் இருக்கவில்லை. தொலைபேசியில் அறிவித்தவர், அது போலியாக இருக்கக்கூடும் என்றும் கூறியிருந்தார். அச்சொல் வாகனத்தில் விரைந்த பொலிசாரைச் சென்றடையவில்லை. அவர்கள் வந்து இரண்டு வினாடிக்குள் சிறுவன் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான்.

வேடம் புனைவோருக்கு இன்னும் அண்மையான நிகழ்ச்சி 2020 மே 4ஆம் திகதி கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில் நடந்தது. அத்திகதி 'ஸ்டார் வோர்ஸ்' இரசிகர் கொண்டாடும் நாள். உணவகமொன்றின் இளம் பணிப்பெண் வெண்கவசம் அணிந்து, பிளாஸ்டிக் துப்பாக்கியோடு வாசலில் நின்று வாடிக்கையாளரை வரவேற்றார். எவரோ பொலிசாருக்கு அறிவிக்க, அவர்கள் துப்பாக்கிகளை நீட்டியபடி வந்து அவரைத் தரையிற் கிடக்கும்படி பணித்தனர். தலைக்கவசத்துடன் இருந்த அவர் தரையில் வீழ்த்தப்பட்டு மூக்கில் இரத்தம் சிந்தினார். அவர்மீது வழக்கு எதுவும் இல்லை. உலகெங்கும் சிறுபிள்ளைகளும் இனங்காணக்கூடிய உடை அது. அவ்வுடையோடு நின்றபோதும் துப்பாக்கி துப்பாக்கியாகவே கொள்ளப்பட்டது என்பதைத் துப்பாக்கி செய்யும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்தல் நன்று.

சட்டங்கள் இவ்வச்சத்திலிருந்தே பிறந்தன. அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்பனைக்கு வரும் போலித் துப்பாக்கியின் குழல் வாயில் செம்மஞ்சள் நிற அடைப்பு இருத்தல் வேண்டும். அன்றேல் முழு உடலும் ஒளிபுகுவதாகவோ, ஏற்கப்பட்ட பிரகாசமான நிறத்தினதாகவோ இருத்தல் வேண்டும். பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இன்னுங் கடுமையானது. உண்மைத் துப்பாக்கியிலிருந்து பிரித்தறிய இயலாத போலியை விற்பது மட்டுமன்றி, செய்வதையும் அது குற்றமாக்கியது. நாடகம், திரைப்படம் முதலிய சிலவற்றுக்கே விலக்களித்தது. ஆகவே செய்யத் தொடங்குமுன் தத்தம் நாட்டுச் சட்டத்தை விசாரித்து அறிவது முதற்கடமை.

செம்மஞ்சள் நுனியைப் பல கைவினைஞர் வெறுக்கின்றனர். மாதக்கணக்கான உழைப்பின் முகத்தில் இட்ட பொட்டு என்று அதனைக் கருதுகின்றனர். அவர்களின் மனக்குறை விளங்கக்கூடியதே. நுனி ஒன்றே காப்பு அன்று என்பதும் உண்மை. மெய்யான துப்பாக்கிக்கும் வர்ணம் பூசமுடியும் என்பதைப் பொலிசார் அறிவர். ஆயினும், இருளில் ஒரு கணம் தயங்கவைக்கும் பொருள் எதுவாயினும் அக்கணத்தில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது. எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் இக்கருத்து நுழைகிறது. குறிநோக்கியும் கூம்பும் நீங்கினால் ஹான் சோலோவின் ஆயுதம் வெறும் மவுசரே. 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்குச் சிற்பி வா சாங் செய்த பேசர் துப்பாக்கியோ அத்தகைய ஐயத்துக்கு அவ்வளவு இடந்தருவதில்லை. முதன்முறையாகச் செய்பவர் பின்னதில் தொடங்குவது புத்தி.

மாநாடு கூட்டுவோரும் தமக்கென ஒழுங்குகள் வகுத்துள்ளனர். 2017 மே மாதம் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் நடந்த இரசிகர் விழாவினுள், கவச உடையோடு ஒருவர் உண்மையான, ரவையேற்றிய துப்பாக்கிகளைக் கொண்டு புகுந்து பிடிபட்டார். வேடதாரிகள் நிறைந்த இடத்தில் அவரும் ஒரு வேடதாரியாகவே தோன்றியிருப்பார். அவ்விழாவின் எஞ்சிய நாள்களில் போலி ஆயுதங்கள் யாவும் தடுக்கப்பட்டன. நுரையில் செய்த வாளும் வீட்டுக்குத் திரும்பியது. இன்று பல மாநாடுகளின் நுழைவாயிலில் ஒரு மேசை இருக்கும். அங்கே காவலர் துப்பாக்கியை வாங்கி, குழலினுள் நோக்கி, விசையை அழுத்திப் பார்த்து, நிறமான பிளாஸ்டிக் நாடாவொன்றை அதில் இறுகக் கட்டி மீளக் கொடுப்பார். அந்நாடா இல்லாத ஆயுதத்தோடு உள்ளே நடமாட இயலாது.

வீட்டிலிருந்து அந்த மேசை வரையுள்ள பாதையே செய்தவரின் முழுப்பொறுப்பில் உள்ளது. பழகியவர்கள் துப்பாக்கியைக் கையிலோ இடுப்புறையிலோ வைத்துக்கொண்டு வீதியில் இறங்குவதில்லை. மூடிய பெட்டியில், குறிநோக்கியைத் தனியே கழற்றி, வாகனத்தின் பின்பகுதியில் வைப்பர். கவசத்தையும் மண்டபத்தை அடைந்தபின்னரே அணிவர். வெளியிடத்தில் புகைப்படம் எடுக்க விரும்பினால், இடத்துக்குரியவரின் அனுமதியைப் பெற்று, அப்பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டி அறிவிப்பர். படம் எடுக்கும்போது, வேடம் அணியாத நண்பர் ஒருவர் அருகே நிற்பார். வழியிற் போவோர் எவரேனும் தயங்கி நின்றால், அவரிடம் சென்று, பெட்டியைத் திறந்து காட்டி விளக்குவது அந்நண்பரின் வேலை.